முருகன் கொடுத்த முகத்தை மாற்றலாமா?

 

போன மாசம் கார்த்திகை அன்னைக்கு என் சித்தப்பா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. வயசு 24, பெங்களூர்ல வேலை. சாமி கும்பிட்டு எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டா. "அண்ணே, ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது"ன்னா. ஏதோ லவ் மேட்டர்னு நினைச்சேன். இல்லை. மூக்குக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போறாளாம். டாக்டரைப் பாத்துட்டாளாம், தேதியும் வாங்கிட்டாளாம். அதுக்குன்னே ஆறு மாசமா சம்பளத்துல எடுத்து வெச்சிருக்காளாம்.

"தினமும் முருகன் முருகன்னு எழுதுறியே, நீ சொல்லு. சாமி குடுத்த மூஞ்சிய மாத்துறது பாவமா?"

அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியலை. ஏன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் இந்தப் பதிவுலயே சொல்லிடுறேன், கொஞ்சம் பொறுங்க.

சட்டுனு வாயில வர்ற பதில் ஒண்ணு இருக்கு. "கடவுள் படைச்சதை மனுஷன் மாத்தக் கூடாது." நம்ம பெரியவங்க நிறைய பேர் இதைத்தான் சொல்வாங்க. ஆனா யோசிச்சுப் பாத்தா இது நிக்காது. காது குத்துறோம், மூக்கு குத்துறோம். பிறந்த முடியை இறக்குறோம். தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கிட்டு நடக்குறவங்க உடம்பைத் தொடாமலா இருக்காங்க? பல்லுக்குக் கம்பி போடுறோம். தாத்தாவுக்குக் கண்புரை வந்தா ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைக்கிறோம். அப்பல்லாம் யாரும் பாவம்னு சொல்றதில்லை. உடம்பை மாத்துறதே தப்புன்னா இதெல்லாமும் தப்பாகிடும்.

அதோட இந்த வைத்தியம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா இன்னும் தயங்குவீங்க. அறுந்து போன மூக்கைத் திரும்ப வைக்கிறது சுசுருதர் பேர்ல இருக்கிற பழைய மருத்துவ நூல்லயே இருக்கு. அந்தக் காலத்துல மூக்கறுக்கிறது ஒரு தண்டனை. "மூக்கறுபட்டான்"னு இன்னைக்கும் அவமானத்துக்குச் சொல்றோமே, அது வெறும் பேச்சு இல்லை, நிஜமாவே நடந்தது. 1792 போர்ல ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டின கவாஸ்ஜின்னு ஒருத்தர் திப்பு படைகிட்ட மாட்டி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பக்கத்துல, பரம்பரையா இந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர், அவர் நெத்தித் தோலை எடுத்து மூக்கு வெச்சுக் கொடுத்தார். 1794-ல லண்டன் பத்திரிகை ஒண்ணுல படத்தோட இது வந்தது. அதைப் படிச்ச வெள்ளைக்கார டாக்டர்கள்தான் பிறகு அந்த முறையை அங்க செஞ்சு பாத்தாங்க. நம்ம ஊர் கைத்தொழில், உறவுகளே.

அதுக்கப்புறம் முதல் உலகப் போர். பதுங்கு குழியில இருந்து தலையைத் தூக்கினவங்களுக்கு முகம் போச்சு. தாடை இல்லாம, மூக்கு இல்லாம ஆயிரக்கணக்கான பசங்க. இங்கிலாந்துல சிட்கப் என்ற ஊர்ல 1917-ல இதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி திறந்தாங்க. ஹரால்ட் கில்லீஸ்னு ஒரு டாக்டர், கூட இருந்தவங்களோட சேர்ந்து அங்க 5,000 பேருக்கு மேல வைத்தியம் பாத்தார். வார்டுல கண்ணாடி வைக்க மாட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டுல சில பெஞ்சுக்கு நீல பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க. முகம் சிதைஞ்ச வீரர் அதுல உக்காந்திருப்பார், பாத்து அதிர்ச்சி ஆகாதீங்கன்னு ஊர்க்காரங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. அந்தப் பெஞ்சுல இருந்து ஒருத்தனை எழுப்பி, சாதாரண பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்காக வளர்ந்த வைத்தியம் இது. தீக்காயத்துல கழுத்தும் தாடையும் ஒட்டிப் போன பொண்ணுக்கும், உதட்டுப் பிளவோட பிறந்த குழந்தைக்கும் இன்னைக்கும் அதே வேலையைத்தான் செய்யுது. இதைப் பாவம்னு சொல்ற வாய் நமக்கு வேண்டாம்.

அப்போ எல்லாமே சரிதானான்னு கேட்டா, அங்கதான் எனக்கு ஒரு உறுத்தல்.

போடாக்ஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. கெட்டுப்போன டின் உணவுல வளர்ற கிருமியோட விஷத்தை ரொம்ப ரொம்ப நீர்க்க வெச்சு ஊசியா போடுறது. நரம்பு தசைக்கு "சுருங்கு"ன்னு அனுப்புற தகவலை அது தடுத்துடும். முதல்ல மாறுகண்ணுக்கும், அடக்க முடியாம துடிக்கிற இமைக்கும்தான் அது மருந்து. இமைக்கு ஊசி போட்டவங்களோட புருவச் சுருக்கமும் மறையுறதைக் கனடாவுல ஒரு டாக்டர் தம்பதி 1980-களில் கவனிச்சாங்க. 2002-ல அமெரிக்க அரசு அதை அழகுக்காகவும் போடலாம்னு அனுமதிச்சது. ஆனா அது மூணு நாலு மாசம்தான் நிக்கும். அப்புறம் திரும்பப் போடணும். நம்ம ஊர் மொழியில சொன்னா, ரீசார்ஜ்.

கவாஸ்ஜிக்கு மூக்கு வெச்சாச்சு, அவர் கிளம்பிப் போய்ட்டார். வேலை முடிஞ்சது. வயசாகுறதை நிறுத்தப் போறவங்களுக்கு அந்த "முடிஞ்சது" வரவே வராது. நாப்பதுல போட்டா நாப்பத்தொண்ணு வரும். சுருக்கம் நோய் இல்லையே, குணமாகிறதுக்கு! ஒரு வைத்தியம் என்னைக்காவது என்னை விட்டுடுமா, இல்லை வாழ்நாள் முழுக்கக் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்குமா? நான் முதல்ல கேக்குறது இதைத்தான்.

தங்கச்சி மூக்கு விஷயம் அப்படி இல்லை, ஒரே தடவைதான். நியாயமா பேசணும்னா அதை ஒத்துக்கணும். அவகிட்ட நான் கேட்டது வேற. "உனக்கு எப்போ இருந்து இந்த மூக்கு பிடிக்காமப் போச்சு?"

யோசிச்சா. ஸ்கூல்ல இல்லையாம், காலேஜ்ல இல்லையாம். வேலைக்குப் போனதும், தினமும் ரெண்டு மூணு வீடியோ மீட்டிங். அடுத்தவங்க பேசும்போது திரையில தன் மூஞ்சியைத்தானே பாக்குறோம்? ஒரு நாள் கூட வேலை செய்யுறவ ஒருத்தி விளையாட்டா ஏதோ சொல்லியிருக்கா. அதோட செல்ஃபி. முன் கேமராவைக் கிட்ட வெச்சு எடுத்தா மூக்கு இருக்குறதை விடப் பெருசாத்தான் தெரியும். கிட்ட இருக்குற பொருள் கேமராவுக்குப் பெருசு, அவ்வளவுதான். அதே ஆளை நாலடி தள்ளி நின்னு எடுத்துப் பாருங்க, மூக்கு அதோட இடத்துக்குப் போய்டும். இவ ஒன்றரை வருஷமா கேமராவோட தப்பைத் தன் மூக்கோட தப்புன்னு நம்பிக்கிட்டு இருக்கா.

இன்னொண்ணும் சொன்னேன். "அது நம்ம அப்பத்தா மூக்குடி. அப்பத்தா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல அது உன்கிட்டதான் இருக்கு."

அவ உடனே திருப்பிக் கேட்டா. "அதுக்காக அப்பத்தா மூக்க நான் ஏண்ணே சுமக்கணும்? நீயா பெங்களூர்ல உக்காந்து பேச்சு வாங்குற?"

வாயை மூடிக்கிட்டேன். அவ சொன்னதுல நியாயம் இருக்கு. பொண்ணுங்க முகத்துல குடும்பப் பெருமையைத் தேடுறது ஆம்பளைங்களுக்குச் சுலபம்.

இந்த இடத்துல ஔவையாரை நினைச்சுக்கிட்டேன். நாவல் மரத்தடியில சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு முருகன் கேட்ட கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்வாங்க. ஔவை இளம்பொண்ணா இருந்தப்போ அழகைப் பாத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்களாம். ஔவைக்கு விருப்பமில்லை. சொல்லிக் கேக்க ஆள் இல்லை. பிள்ளையார்கிட்ட அழுது, ஒரே ராத்திரியில கிழவி ஆகிட்டாராம். காரைக்கால் அம்மையாரும் அழகைக் கழட்டிப் போட்டுட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கினவங்க.

சின்ன வயசுல இதை ஏதோ தியாகக் கதை மாதிரி கேட்டேன். இப்போ வேற மாதிரி தெரியுது. அழகா இருந்தா நிம்மதியா விடலை, அதனால ஔவை முதுமைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாங்க. இன்னைக்கு வயசானா, ஏதோ ஒண்ணு கொஞ்சம் பெருசா இருந்தா, நிம்மதியா விடலை. அதனால இவங்க ஆபரேஷனுக்குள்ள போறாங்க. போற திசைதான் வேற. துரத்துறது அதே கண்ணுதான். அதனால முகத்தை மாத்திக்கிறவங்களைப் பாத்து "என்ன இப்படிப் பண்றாங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அவங்களை யார் பாத்துக்கிட்டே இருந்ததுன்னு கேக்கணும். அந்தப் பாக்குற கூட்டத்துல நானும் இருந்திருக்கேன். தங்கச்சி ஏழாவது படிக்கும்போது அவளுக்கு வெச்ச பட்டப்பேரு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. வெச்சதே நான்தான்.

நாம கும்பிடுறவன் பேரே அழகு. முருகுன்னா அழகு, இளமை, மணம்னு எல்லாம் பொருள். திரு.வி.க. 'முருகன் அல்லது அழகு'ன்னே ஒரு புத்தகம் எழுதியிருக்கார். என்றும் இளையவனைக் கும்பிட்டுட்டு வயசாகுறதைக் கொண்டாடுன்னு சொன்னா பொருந்துமான்னு சிலருக்குத் தோணலாம். ஆனா அந்த இளையவன் வள்ளிகிட்ட கிழவனா வந்தான். பல்லுப் போன, தள்ளாடுற ஒரு கிழவருக்கு வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. யாருன்னு தெரிஞ்சு கொடுக்கலை. பழனியில காலையில ஆண்டியா நிக்கிறவன் சாயரட்சையில ராஜாவா நிக்கிறான். ரெண்டு கோலத்தையும் ஒரே கூட்டம்தான் கும்பிடுது. எந்தக் கோலம் அழகுன்னு வரிசையில நிக்கிற யாரும் மார்க் போடுறதில்லை. அருணகிரிநாதர் திருப்புகழ்ல நரை, கூன், இருமல்னு முதுமையை ஒளிக்காமப் பாடினவர். ஆனா அவர் அதுல அழகைத் தேடலை, அந்த நிலை வர்றதுக்கு முன்னாடி உன்னை நினைக்கணும்னுதான் முருகனைக் கேக்குறார். "சுருக்கமும் அழகுதான்"னு ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க கொஞ்சம் கவனிக்கலாம். முதுமை வலிக்கும். அதை அழகுன்னு சொல்லி மெழுக வேண்டியதில்லை.

அம்மாவைப் பத்திச் சொல்லணும். எங்க அம்மாவுக்கு 56. அப்பா போய் ஒன்பது வருஷம். அம்மா தலைக்கு டை அடிக்கிறதில்லை. ஊர்ல இன்னைக்கு அம்மா வயசுப் பொம்பளைங்க முக்கால்வாசிப் பேர் அடிக்கிறாங்க. அதனால என்ன ஆச்சுன்னா, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "என்னக்கா உடம்பு சரியில்லையா, இப்படி ஆகிட்டீங்க"ன்னு கேக்குறாங்க. அம்மா அப்படியேதான் இருக்காங்க. சுத்தி இருக்குறவங்க தலை கறுத்துப் போச்சு. சரி, அடிச்சுக்கோங்கம்மான்னு ஒரு தடவை சொன்னேன். "அடிச்சா, புருஷன் போனவளுக்கு மினுக்கு என்னன்னு கேப்பாங்கடா"ன்னாங்க. அடிச்சாலும் பேச்சு, அடிக்கலைன்னாலும் பேச்சு. 'மங்காத்தா'வுல தல நரைச்ச முடியோட வந்தப்போ 2011-ல தியேட்டரே எழுந்து நின்னுச்சு, நானும் விசில் அடிச்சேன். அதே நரை அம்மா தலையில இருந்தா கவனிப்பில்லாத தலை.

நான் என் முகத்துல செய்யுறது என் முகத்தோட நிக்காதுன்னு அம்மாவைப் பாத்துதான் புரிஞ்சுது. பத்துப் பேர் வயசை மறைச்சா, பதினோராவது ஆளோட வயசு குத்தமாகிடுது. டை பத்து ரூபாய்க்குக் கிடைக்குது, அதுக்கே இப்படி. ஊசியும் ஆபரேஷனும் அவ்வளவு சாதாரணமாகிட்டா, காசில்லாதவன் வயசாகுறதே அவமானம்னு ஆகும்.

அப்பா படம் ஒண்ணு ஹால்ல மாட்டியிருக்கு. அவர் போன அன்னைக்கு அவசரமா ஸ்டூடியோவுல கொடுத்து பெருசு பண்ணினது. நரையைக் கறுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, வாழ்க்கையில போடாத கோட்டு ஒண்ணும் போட்டு விட்டாங்க. நெத்தியில மாடு முட்டின தழும்பு காணோம். அம்மா விளக்கு வைக்கிறப்போ அந்தப் படத்தைப் பாக்க மாட்டாங்க. பர்ஸ்ல ஒரு பழைய ரேஷன் கார்டு போட்டோ இருக்கு, அதைத்தான் பாப்பாங்க. தழும்பு அதுல இருக்கு.

இப்போ என் கதை.

எனக்கு 27 வயசுலயே முன்னந்தலை ஏறிப் போச்சு. இப்போ 30. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு வயித்துல கட்டின்னு ஆபரேஷன். கட்டியை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து, "சாதாரணக் கட்டின்னு வந்துட்டா பழனிக்கு வந்து மொட்டை போடுறேன் முருகா"ன்னு வேண்டிக்கிட்டேன். சாதாரணக் கட்டின்னே வந்தது. அம்மா எழுந்து நடந்துட்டாங்க.

நான் மொட்டை போடலை.

அப்போதான் எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிருந்தாங்க. மொட்டை போட்டா முடி கொட்டாதுன்னு தெரியும், வேர் உள்ள இருக்கு, கத்தி மேலயே போயிடும். பயம் அது இல்லை. இருக்குற கொஞ்சத்தையும் எடுத்துட்டா வழுக்கை எவ்வளவு தூரம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். வளர மூணு நாலு மாசம். அதுக்குள்ள ரெண்டு ஜாதகம் வந்தா? தைப்பூசம் முடியட்டும், பங்குனி உத்திரத்துக்குப் போலாம்னு தள்ளினேன். அம்மா ரெண்டு தடவை "வேண்டுதலைத் தள்ளாதடா"ன்னாங்க. அப்புறம் கேக்குறதை விட்டுட்டாங்க.

இந்த வருஷம் யாருக்கும் சொல்லாம கோயம்புத்தூர்ல ஒரு இடத்துல முடி நடுறதுக்கு விசாரிக்கப் போனேன். நல்லாத்தான் விளக்கினாங்க. பின்னந்தலை முடி சுலபத்துல கொட்டாத ரகம், அதை வேரோட ஒவ்வொண்ணா எடுத்து முன்னாடி நடுவாங்க. நட்டது சில வாரத்துல உதிரும், பிறகு வேர்ல இருந்து முளைக்கும், முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆகும். பழைய முடி கொட்டுறது நிக்காது, அதுக்கு மருந்து போட்டுக்கிட்டே இருக்கணும். மறுபடி ஒரு சிட்டிங் தேவைப்படலாம். மொத்தம் 1,10,000, தவணையும் உண்டு. கடைசியா அந்தப் பொண்ணு சொன்னாங்க: "ஆபரேஷனுக்கு முன்னாடி தலையை முழுசா ஷேவ் பண்ணிடுவோம் சார். மொட்டை மாதிரி. ஓகேதானே?"

"ஓகேங்க, எப்போ வரணும்?"னு கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்கலை.

உக்கடத்துல பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி பழனி வரும்போது ராத்திரி. ஜன்னல் வழியா மலையும் படிக்கட்டு லைட்டும் தெரிஞ்சுது. எப்பவும் கன்னத்துல போட்டுக்குவேன். அன்னைக்குக் கை வரலை. அம்மா உயிருக்காகக் கேட்டப்போ கொடுக்காத மொட்டையை, முகம் தெரியாத நாலு பேர் என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும்னு பணம் கட்டிக் கொடுக்க ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். ஒட்டன்சத்திரம் வந்ததும் இறங்கி வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

இதுக்கு மூணு வாரம் கழிச்சுதான் தங்கச்சி மாடியில வெச்சு "பாவமா?"ன்னு கேட்டா. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பதில் சொல்றது?

போன ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு பழனி போனேன். மொட்டைக்குக் கட்டணம் இல்லை, 2021-லேர்ந்தே எடுத்துட்டாங்க. தலையை நனைச்சு விட்ட அண்ணன், "தம்பி, முன்னாடி கொஞ்சம் வேலை மிச்சம்"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். காணிக்கை முடியெல்லாம் ஏலத்துல போய் எங்கேயோ விக்காகும்னு சொல்வாங்க. என் முடி அதுக்குத் தேறாது. சந்தனம் பூசிட்டு வெயில்ல படியேறினப்போ அம்மா என் தலையை ஒரு தடவை தடவிப் பாத்துட்டு, "அப்பாவுக்கும் இதே மண்டைதான்"னாங்க. வேற எதுவும் பேசலை.

முடி நடவே மாட்டேன்னு நான் சொல்லலை. இப்போதைக்கு அந்தப் பணம் பேங்க்ல இருக்கு, மொட்டைத் தலையோட எடுத்த போட்டோ தரகர்கிட்ட இருக்கு. தரகர் தலையில அடிச்சுக்கிட்டார்.

தங்கச்சிக்கும் அந்த போட்டோவை அனுப்பி, நடந்ததை எல்லாம் போன்ல சொன்னேன். அந்தப் பட்டப்பேருக்கு மன்னிப்பும் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏண்ணே, அப்பத்தாவை யாராவது மூக்கைச் சொல்லி கிண்டல் பண்ணியிருப்பாங்களா?"ன்னு கேட்டா. தெரியலைன்னேன். அப்பத்தாகிட்ட அதெல்லாம் நாங்க கேட்டதே இல்லை.

தேதியை அவ இன்னும் மாத்தலை. யோசிக்கிறேன்னு சொல்றா. பண்ணிக்கிட்டா அன்னைக்கு ஆஸ்பத்திரியில கூட இருக்க நீதான் வரணும்னும் சொல்லியிருக்கா. லீவு போட்டு வெச்சிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.